பாதி மட்டும் வரைந்த கோடு: ஓர் ஆண்டெனா டிரேஸின் மூன்று பதிப்புகள்

திறந்தவெளியில் 60 மீட்டர் எட்டவேண்டிய கருவி 38 மீட்டரிலேயே பேச்சை நிறுத்திக்கொண்டது. இத்தனைக்கும் ஒப்பிட்டுப் பார்த்தது, அதே ரேடியோ சிப்பைத் தயாரித்தவர்கள் தரும் மாதிரிப் பலகையோடுதான். அதே சிப், அதே ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்), அதே ஆண்டெனா, அதே உயரத்தில் அதே முக்காலி. வித்தியாசம் பலகையில் மட்டும்.

கருவி எளியது. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து, புளூடூத் லோ எனர்ஜி வழியாக 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பும். உலோகப் பெட்டிக்குள் உட்காரப்போவதால் ஆண்டெனா வெளியே இருக்கவேண்டும். எனவே போர்டின் ஓரத்தில் ஆண்டெனாவைத் திருகி மாட்ட ஒரு எஸ்எம்ஏ கனெக்டர், சிப்பின் காலிலிருந்து அந்தக் கனெக்டருக்கு 18 மிமீ நீளத்தில் ஒரு செம்புக் கோடு, அதாவது டிரேஸ். இந்த ஆய்வு முழுக்க அந்த 18 மிமீ பற்றியதுதான். மூன்று முறை வரைந்தோம். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபெல் குறையும். அந்தக் கணக்கில் 60க்கும் 38க்கும் இடையே இருப்பது சுமார் 4 டெசிபெல். எங்கேயோ 4 டெசிபெல் காணாமல் போகிறது. முதலில் வழக்கம்போல் ஆண்டெனாவைச் சந்தேகித்தோம்; மூன்று மாற்றிப் பார்த்தாகிவிட்டது. பிறகு பேட்டரியை. பிறகு ஃபர்ம்வேர் எழுதியவரை, அவர் பாவம். கடைசியில் செய்ததைத்தான் முதலிலேயே செய்திருக்கவேண்டும்: ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, எஸ்எம்ஏ முனையிலிருந்து கேபிள் வழியாக நேரே ஸ்பெக்ட்ரம் அனலைசருக்கு (எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி என்று காட்டும் கருவி) இணைத்தோம். சிப்பை 0 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட், அனுப்பச் சொன்னால் கனெக்டரில் வந்து சேர்வது மைனஸ் 4.1. மாதிரிப் பலகையில் மைனஸ் 0.4. ஆக, காற்றும் ஆண்டெனாவும் குற்றமற்றவை. இழப்பு போர்டுக்குள்ளேயே நடக்கிறது.

அப்போதுதான் லேஅவுட்டை, அதாவது போர்டிலுள்ள செம்புக் கோடுகளின் வரைபடத்தை, நிதானமாகத் திறந்து பார்த்தேன். கோட்டின் அகலம் 0.25 மிமீ. ஏன் 0.25 என்று வரைந்தவரிடம் கேட்டேன். "மாதிரிப் பலகையில அப்படித்தான் சார் இருந்தது, அளந்து பார்த்துதான் போட்டேன்" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. அளந்தது சரி, பார்த்து வரைந்ததும் சரி. ஆனால் மாதிரிப் பலகை நான்கு லேயர் (செம்பு அடுக்கு) கொண்டது; அதில் மேல் லேயருக்கும் அடுத்துள்ள கிரவுண்ட் லேயருக்கும் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் செம்புத் தரை) நடுவே இருப்பது சுமார் 0.14 மிமீ ப்ரீப்ரெக் என்னும் மின்கடத்தாப் பொருள். எங்களுடையது செலவைக் குறைக்க இரண்டு லேயராக்கிய 1.6 மிமீ போர்டு. செம்பைக் கழித்தால் கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடைவெளி 1.53 மிமீ. அகலத்தை மாற்றாமல் தரையைப் பதினோரு மடங்கு கீழே தள்ளியிருக்கிறோம்.

லேஅவுட் மென்பொருளின் திரையில் ஒரு டிரேஸ் என்பது ஒரே ஒரு கோடாகத் தெரிகிறது. பிரச்சினையின் வேர் அந்தத் தோற்றம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது ஒற்றைக் கம்பி இல்லை. மேலே ஓடும் கோடும், அதற்கு நேர் கீழே கிரவுண்டில் திரும்பி ஓடும் மின்னோட்டமும் சேர்ந்த ஜோடி. அலை பயணம் செய்வது இரண்டுக்கும் நடுவிலுள்ள எஃப்ஆர்-4 என்ற பலகைப் பொருளுக்குள்ளும், கோட்டுக்கு மேலே உள்ள காற்றிலும். இந்த அமைப்புக்கு மைக்ரோஸ்ட்ரிப் என்று பெயர். 1952லேயே கட்டுரையாக வந்துவிட்ட சங்கதி. அதன் இம்பிடென்ஸை, அதாவது அலைக்கு அது காட்டும் மின்தடையை, தீர்மானிப்பது அகலம் அல்ல. அகலத்துக்கும் கிரவுண்டின் ஆழத்துக்கும் உள்ள விகிதம். எஃப்ஆர்-4 போர்டில், கனெக்டரும் ஆண்டெனாவும் எதிர்பார்க்கும் 50 ஓம் வேண்டுமென்றால் அகலம் ஆழத்தைப்போல் ஏறத்தாழ 1.9 மடங்கு இருக்கவேண்டும். எங்களுடையதில் 0.16 மடங்கு. சூத்திரத்தில் போட்டால் சுமார் 135 ஓம் வருகிறது.

50 ஓமுக்கு நடுவே 135 ஓம் துண்டு ஒன்று வந்தால் எவ்வளவு கெடும் என்பது அந்தத் துண்டின் நீளத்தைப் பொறுத்தது. இங்கேதான் எங்கள் அதிர்ஷ்டம் வேலை செய்தது. காற்றில் 2.45 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 122 மிமீ. இந்தக் கோட்டில் அலை பாதி பலகையிலும் பாதி காற்றிலும் போவதால் அது சுமார் 71 மிமீ ஆகச் சுருங்கும். அதில் கால்பங்கு 17.8 மிமீ. எங்கள் கோடு 18 மிமீ. கால் அலைநீளக் கோடு ஓர் இம்பிடென்ஸ் மாற்றியாக நடந்துகொள்ளும்: 135ஐ 135ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் 365. கனெக்டரில் ஒழுங்கான 50 ஓம் ஆண்டெனாவை மாட்டினாலும், சிப்பின் பக்கம் தெரிவது 365 ஓம். சிப் 50ஐ எதிர்பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், அனுப்பும் சக்தியில் ஏறக்குறைய 57 சதவீதம் அப்படியே திரும்பி வந்துவிடும். இழப்பு 3.7 டெசிபெல். அனலைசர் காட்டிய வித்தியாசமும் அதே 3.7.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே தப்பான அகலத்தில் கோடு 36 மிமீ நீளமாக இருந்திருந்தால், அது அரை அலைநீளம். அரை அலைநீளக் கோடு எதிர்முனையில் இருப்பதை அப்படியே இந்தப் பக்கம் காட்டும். 50 மாட்டினால் 50. பிழை வெளியே தெரிந்திருக்காது. கோடு 3 மிமீ மட்டுமே என்றால் இழப்பு 0.4 டெசிபெலுக்குள் அடங்கியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டோம். "நான் எத்தனையோ போர்டில் கண்டபடி வரைந்தேன், எல்லாம் ஓடுது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய கோடுகள் குட்டையானவை, அவ்வளவுதான்.

கணக்கு பொருந்தினாலும் நேரில் அளக்காமல் விடக்கூடாது. சிப்பை அடுத்து பொருத்தத்துக்கென்று மூன்று உதிரிபாக இடங்கள் விட்டிருந்தோம்: நடுவில் தொடராக ஒன்று, இருபுறமும் கிரவுண்டுக்கு ஒவ்வொன்று. நடு உதிரியை எடுத்துவிட்டு, கோட்டின் பக்கமுள்ள பேடில் (பற்றவைப்பதற்கான செம்புத் திட்டு) மெல்லிய கோஆக்ஸ் கேபிள் துண்டைப் பற்றவைத்தோம். அதன் உறையைப் பக்கத்திலேயே கிரவுண்டில் பிடித்தோம்; இதை இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் அளவீடு குப்பைதான். அந்தக் கேபிளின் நுனிவரை விஎன்ஏவை (அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும் கருவி) அளவுதிருத்தம் செய்து, எஸ்எம்ஏயில் 50 ஓம் சுமையைப் பூட்டினோம். கையடக்கமான நானோவிஎன்ஏ போதும். ஆனால் முதலில் வந்த வகை 2.4 கிகாஹெர்ட்ஸை எட்டாது. 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் பிற்கால வகை வேண்டும். ரிட்டர்ன் லாஸ், அதாவது திரும்பி வரும் அலை அனுப்பியதைவிட எவ்வளவு குறைவு என்ற அளவு, 2.6 டெசிபெல். இது பெரிதாக இருந்தால்தான் நல்லது. ஃபிலிப் ஸ்மித் 1939ல் வெளியிட்ட, இம்பிடென்ஸைப் புள்ளியாகக் காட்டும் அந்த வட்ட வரைபடத்தில் புள்ளி, 50 ஓமைக் குறிக்கும் நடுவில் இருப்பதற்குப் பதில் வலது ஓரத்தில் கிடந்தது. கால் அலைநீளம் என்றால் அந்த வட்டத்தில் சரியாக அரைச் சுற்று.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் 20 போர்டுகள் ஏற்கெனவே உதிரிபாகங்கள் பொருத்தப்பட்டு மேசையில் இருந்தன. உற்பத்தியைப் பார்ப்பவர் வந்து, "போர்டை மாத்தாம ஏதாவது பண்ண முடியாதா சார்?" என்று கேட்டார். முடியும் என்பதுதான் நேர்மையான பதில். கோட்டின் பக்கம் கிரவுண்டுக்கு 0.4 பிக்கோஃபாரட் கெபாசிட்டர், நடுவில் 8.2 நானோஹென்றி இண்டக்டர். 365 ஓம் 50ஆக இறங்கிவிடும். செய்தோம். வெளியே வரும் சக்தி மைனஸ் 4.1லிருந்து மைனஸ் 0.9க்கு ஏறியது. இப்படிச் செய்வதைக் கேவலமாகப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, இருக்கும் போர்டைக் காப்பாற்ற இது நல்ல வழி. ஆனால் அடுத்த ஆயிரம் போர்டுகளுக்கு இதையே நம்பக்கூடாது. 0.4 பிக்கோஃபாரட் என்பது ஒரு பேடும் கொஞ்சம் ஈயமும் தரும் அளவு. இரண்டு போர்டு ஒரே மாதிரி வராது. ஆண்டெனா சரியாக 50 இல்லாமல் கொஞ்சம் விலகினால், 135 ஓம் கோடு அந்த விலகலை வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்தும். இரண்டாம் ஹார்மோனிக்கான (அனுப்பும் அலைவரிசையின் இரட்டிப்பு) 4.9 கிகாஹெர்ட்ஸில் அதே கோடு அரை அலைநீளம் ஆகிவிடுவதால், சிப் பார்க்கும் சுமையே அங்கே வேறு.

புதிய போர்டுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, அதே இரண்டு லேயரில் கோட்டை அகலமாக்குவது. 1.53 மிமீ ஆழத்துக்கு 50 ஓம் வேண்டுமென்றால் அகலம் 3 மிமீயை நெருங்கும். சிப்பின் காலோ கால் மில்லிமீட்டர். தண்ணீர்க் குழாயில் ஊசியைச் சொருகியதுபோல் இருக்கும். இரண்டு, கோட்டின் இருபக்கமும் மேல் லேயரிலேயே கிரவுண்டை நெருக்கிக் கொண்டுவருவது. கோப்ளேனர் வேவ்கைடு என்று 1969ல் செங் வென் வெளியிட்ட அமைப்பின் வழித்தோன்றல் இது. அவருடையதில் அடியில் கிரவுண்ட் கிடையாது, நாம் போர்டில் அதையும் சேர்த்துக்கொள்கிறோம். 0.2 மிமீ இடைவெளி விட்டால் கோட்டின் அகலம் சுமார் 1.2 மிமீக்கு இறங்கிவிடும். இரண்டு லேயர் போர்டுக்கு இதுதான் என் தேர்வு. பக்கத்துக் கிரவுண்டை அடிக் கிரவுண்டோடு நெருக்கமாக வயா (லேயர்களை இணைக்கும் செம்பு பூசிய துளை) போட்டுத் தைக்கவேண்டும். 3 மிமீக்கு ஒன்றாவது வேண்டும்.

மூன்றாவது வழி, நான்கு லேயருக்குப் போவது. சென்சார், மெமரி எல்லாம் கூடிவிட்டதால் இரண்டு லேயரில் வயர் இழுக்கவே இடமில்லாமல் போய்விட்டது. அதனால் அதைத் தேர்ந்தோம். விலை அதிகமான ரேடியோ பலகைப் பொருளுக்குப் போகலாமா என்றும் ஒரு பேச்சு எழுந்தது. தேவையில்லை. எஃப்ஆர்-4ல் இந்த அலைவரிசையில் இழப்பு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.1 டெசிபெல். 18 மிமீக்கு 0.2கூட வராது.

இம்முறை அகலத்தை யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. போர்டு செய்பவர்களிடம் அவர்களுடைய லேயர் அடுக்கைக் கேட்டு வாங்கினோம்: மேல் லேயருக்கும் இரண்டாம் லேயருக்கும் இடையே 0.2 மிமீ, அழுத்திய பிறகு வரும் கனம். 0.36 மிமீ அகலம் 50 ஓம் தரும். மேல் லேயரின் கிரவுண்டைக் கோட்டிலிருந்து 0.6 மிமீ தள்ளியே நிறுத்தினோம். அதைவிட நெருங்கினால் அது கோப்ளேனர் ஆகி, இம்பிடென்ஸ் கணக்கே மாறும். மைக்ரோஸ்ட்ரிப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் காலி இடத்தையெல்லாம் செம்பால் நிரப்பும் பழக்கம் பலரிடம் உண்டு. மென்பொருள் தரும் இயல்பு இடைவெளி 0.2 மிமீ என்றால், கணக்குப் போட்ட கோடு ஒன்று, போர்டில் வந்த கோடு வேறொன்று. ஆர்டரில் "50 ஓம், முதல் லேயர், இரண்டாம் லேயரைச் சார்ந்து" என்று எழுதிக் கொடுத்தோம். வந்த சோதனைத் துண்டில் 48.7 ஓம். வழக்கமாகத் தரும் 10 சதவீத விலகலுக்குள் தாராளமாக அடங்குகிறது.

ஆனால் ரிட்டர்ன் லாஸ் 11 டெசிபெல்தான். 20 எதிர்பார்த்திருந்தேன். அப்புறம் இன்னொரு புதுப் புகாரும் வந்தது: தூரம் நன்றாக இருக்கிறது, ஆனால் சில நேரம் தகவல் திணறுகிறது.

திணறல்தான் அதிக நாள் தின்றது. புளூடூத் லோ எனர்ஜி 2402லிருந்து 2480 மெகாஹெர்ட்ஸ் வரை, 2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 40 சேனல்களில் தாவித் தாவிப் பேசும். ஒரு சேனல் மோசமென்றால் அதைத் தவிர்த்துவிடவும் அதற்குத் தெரியும். நல்ல குணம்தான், ஆனால் பிழை தேடுபவனுக்கு அது எதிரி. கோளாறைப் போர்த்தி மூடிவிடும். எனவே தாவலை நிறுத்திவிட்டு, கவசப் பெட்டிக்குள் இரண்டு போர்டுகளை கேபிளாலும், சிக்னலைக் குறைக்கும் அட்டனுவேட்டராலும் இணைத்து, ஒவ்வொரு சேனலிலும் எவ்வளவு பலவீனமான சிக்னல் வரை கேட்கிறது என்று அளந்தோம். பாக்கெட்டுகளில் 30.8 சதவீதம் தொலையும் இடமே எல்லை. அந்த வினோதமான எண் புளூடூத் விதிமுறையே தருவது. 38 சேனல்கள் மாதிரிப் பலகைக்குச் சமம். 2432லும் 2464லும் மட்டும் 9 டெசிபெல் செவிடு.

2432 என்பது 32இன் 76 மடங்கு. 2464 என்பது 77 மடங்கு. போர்டில் 32 மெகாஹெர்ட்ஸில் ஏதோ ஒன்று கத்துகிறது. சிப்புக்குத் துடிப்பு தரும் படிகம் 32 மெகாஹெர்ட்ஸ். அதன் மேல்தான் முதலில் பாய்ந்தோம். ஆனால் மாதிரிப் பலகையிலும் அதே படிகம்தானே இருக்கிறது? மெமரியைப் படிப்பதை ஃபர்ம்வேரில் நிறுத்தியதும் இரண்டு சேனல்களும் உயிர்பெற்றன. மெமரியோடு சிப் பேசும் எஸ்பிஐ இணைப்பின் கிளாக்கும் 32 மெகாஹெர்ட்ஸ். அந்தக் கிளாக் கோடு எங்கே போகிறது என்று தேடினால், இரண்டாம் லேயரில், கிரவுண்டுக்குள் 20 மிமீ நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு, ஆண்டெனா கோட்டின் நேர் அடியில் குறுக்காகப் போகிறது. மேலே இடமில்லை என்று கடைசி நாளில் அங்கே இறக்கியிருக்கிறார்கள். லேஅவுட்டை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது நான். மேல் லேயரை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறேன்.

இரண்டு ஓட்டங்கள் செங்கோணத்தில் குறுக்கிட்டால் ஒன்றையொன்று அவ்வளவாகத் தொடாது என்பது பாடம். கீறல் இருக்கும்போது அது செல்லாது. ஆண்டெனா கோட்டின் திரும்பு மின்னோட்டம் கோட்டுக்கு நேர் கீழேதான் ஓட விரும்பும். வழியில் பள்ளம் வெட்டியிருந்தால், கீறலின் முனைவரை ஓடி, சுற்றிக்கொண்டு, மறுபடி கோட்டுக்கு அடியில் வந்து சேரவேண்டும். அந்தக் கீறலுக்குள்ளேயே கிளாக் படுத்திருக்கிறது. அந்தச் சுற்றுவழியில் கிளாக்கின் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு ரிசீவரிடம் ஒப்படைக்கிறது. அனுப்பும்போது இது தெரியவில்லை. கேட்கும்போது, மைனஸ் 90 டிபிஎம் அளவுச் சிக்னலுக்குக் காது கொடுக்கும்போது, 76ஆவது ஹார்மோனிக்கின் முணுமுணுப்பே கூச்சலாகிவிடுகிறது.

11 டெசிபெல் ரிட்டர்ன் லாஸுக்கும் இந்தக் கீறலே காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். வசதியான முடிவு. சோதிக்க, ஒரு போர்டில் கிளாக் கோட்டின் இரு முனைகளையும் துண்டித்துக் கிரவுண்டோடு இணைத்துப் பார்த்தேன். கீறலின் பாதிப்பு பெரும்பாலும் போயிருக்கவேண்டும். 11 என்பது 11.5 ஆனது. அவ்வளவுதான். குற்றவாளி வேறு ஆள்.

அது கனெக்டரின் பேட். எஸ்எம்ஏயின் நடு ஊசியைப் பற்றவைக்க 1.5 மிமீ அகலம், 4 மிமீ நீளத்தில் ஒரு பேட். இரண்டு லேயர் போர்டில் அதன் அடியில் கிரவுண்ட் 1.53 மிமீ தூரத்தில் இருந்தது, ஒரு தொல்லையும் இல்லை. நான்கு லேயரில் கிரவுண்ட் 0.2 மிமீக்கு ஏறி வந்துவிட்டது. கோடு 0.36க்கு மெலிந்தது, பேட் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு தகடு, நடுவே மின்கடத்தாப் பொருள்: சுமார் 1.1 பிக்கோஃபாரட் கெபாசிட்டரை யாரும் கேட்காமலே போர்டில் வரைந்து வைத்திருக்கிறோம். அதே 4 மிமீயில் 50 ஓம் கோட்டுக்கே உரிய அளவு 0.5ஐக் கழித்தாலும், ஓரங்களின் பங்கைச் சேர்த்து மிச்சம் 0.8 அளவுக்கு நிற்கும். அது ஒன்றே ரிட்டர்ன் லாஸை 11க்கு இறக்கப் போதும்.

தீர்வு, பேடின் நேர் அடியில் இரண்டாம், மூன்றாம் லேயர்களில் கிரவுண்டை வெட்டி எடுத்துவிடுவது. அப்போது பேடுக்குத் தரை நான்காம் லேயர், சுமார் 1.5 மிமீ ஆழம். பக்கங்களில் கனெக்டரின் கிரவுண்ட் கால்களும் சேர்ந்துகொள்ள, 1.5 மிமீ பேட் 50 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வெட்டிய ஓட்டையைச் சுற்றி வயாக்கள், திரும்பு மின்னோட்டம் இரண்டாம் லேயரிலிருந்து நான்காம் லேயருக்கு இறங்கி ஏற. இதை லேஅவுட் வரைபவரிடம் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நியாயம்தான், முந்தின வாரம்தான் கிரவுண்டை வெட்டியதற்காக அவரிடம் கோபப்பட்டிருந்தேன். கோட்டுக்கு அடியில் குறுக்கே வெட்டினால் ஓட்டத்தின் வழி அறுகிறது. பேடுக்கு அடியில் வெட்டினால் தரை தேவையான ஆழத்துக்குப் போகிறது. இரண்டும் வெட்டுதான். ஒன்றில் தரை காணாமல் போகிறது, மற்றதில் இடம் மாறுகிறது.

மூன்றாம் போர்டில் மற்ற மாற்றங்கள் சின்னவை. கிளாக் கோடு மூன்றாம் லேயருக்குப் போனது, ஆண்டெனா பக்கமே வராத வழியில். தொடக்கத்தில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, கிளாக்கின் விளிம்புகள் கொஞ்சம் மழுங்க. இரண்டாம் லேயரில் கோட்டின் இருபுறமும் 3 மிமீ வரை எந்த வயரும் நுழையக்கூடாது என்று மென்பொருளிலேயே தடைப் பகுதி போட்டுவிட்டோம். கடைசி நாள் அவசரம் மனிதரைத்தான் ஏமாற்றும், அதை ஏமாற்ற முடியாது. பொருத்தத்துக்கான மூன்று இடங்களை அப்படியே வைத்தோம். 0402 அளவு உதிரிபாகத்தின் பேட் 0.5 மிமீ, கோட்டின் அகலத்தோடு ஏறத்தாழ ஒட்டிப்போகும். நடுவில் 0 ஓம், இருபுறமும் காலி.

ரிட்டர்ன் லாஸ் 21 டெசிபெல். கனெக்டரில் மைனஸ் 0.4 டிபிஎம். முக்காலியில் வைத்துப் பார்த்தபோது 59 மீட்டர். அந்த ஒரு மீட்டரை யாரும் தேடவில்லை. 2432லும் 2464லும் இன்னும் 1 டெசிபெல் பள்ளம் இருக்கிறது, மாதிரிப் பலகையிலும் அதே அளவு இருக்கிறது. அது சிப்பின் சொந்தப் படிகத்துடையது, விட்டுவிட்டோம். முதல் 20 போர்டுகள் அந்த 8.2 நானோஹென்றியோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.